அக்னிவீர் மகனுக்கு எந்த மெடிக்கல் பாலிசி?

வணக்கம் சார்,

நான் ஆர்மியில் ஹவில்தாராக இருந்து பென்ஷன் வந்தவன். எனக்கும் மனைவிக்கும் இசிஎச்எஸ் (முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம்) கார்டு இருக்கிறது. மகன் அக்னிவீராகப் போய் 4 வருஷம் முடித்து வெளியே வரப்போகிறான். வயது 23. ட்ரெய்னிங்கில் முழங்காலில் அடிபட்டு எம்.எச்.சில் (ராணுவ ஆஸ்பத்திரி) அட்மிட் ஆகியிருந்தான், இப்போது நன்றாக ஓடுகிறான். தெரிந்த ஏஜென்ட் மூன்று பேருக்கும் சேர்த்து ஃபேமிலி ஃப்ளோட்டர் (குடும்பத்துக்கே பொதுவான ஒரே பாலிசி) எடுக்கச் சொல்கிறார், முழங்கால் விஷயத்தை எழுதவே வேண்டாம் என்கிறார். என்ன செய்யலாம்?

ஒரு வாசகர், வேலூர் மாவட்டம்

வணக்கம் சார்,

முழங்காலைக் கட்டாயம் எழுதுங்கள். பட்டாளத்தில் எதுவுமே வாய்ப்பேச்சாகப் போவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். எம்.எச். டிஸ்சார்ஜ் சம்மரி, உடல்தகுதியைக் குறிக்கும் மெடிக்கல் கேட்டகரி, வெளியே வரும்போது எடுக்கும் மெடிக்கல் என்று எல்லாம் காகிதத்தில் இருக்கும். நாளைக்கு அதே காலில் லிகமென்ட் ஆபரேஷன் என்று போய் நின்றால் டாக்டர் முன்பு அடிபட்டதா என்று கேட்பார், பையன் உள்ளதைச் சொல்வான், அது கேஸ் ஷீட்டில் ஏறும், அப்புறம் கம்பெனி க்ளெய்மை மறுப்பதோடு பாலிசியையே ரத்து செய்யலாம். 5 வருஷம் விடாமல் கட்டிவிட்டால் மறைத்ததைக் காட்டி மறுக்க முடியாது என்று ஏஜென்ட் சொல்வார். விதி அப்படித்தான் இருக்கிறது, ஆனால் மோசடி என்று நிரூபித்தால் அதுவும் கைகொடுக்காது, அந்த 5 வருஷத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் என்ன செய்வது என்பதற்கும் அவரிடம் பதில் இருக்காது.

எழுதினால் பெரும்பாலும் என்ன ஆகும்? அந்த முழங்காலுக்கு மட்டும் 3 வருஷம் வரை காத்திருக்கச் சொல்வார்கள், அல்லது பிரீமியத்தைக் கொஞ்சம் ஏற்றுவார்கள். முன்பு 4 வருஷமாக இருந்த அந்தக் காத்திருப்பை காப்பீட்டுக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஐஆர்டிஏஐ 2024-ல் 3 ஆகக் குறைத்தது. இன்னொன்று, பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களில் கண்டுபிடித்ததோ வைத்தியம் பார்த்ததோதான் ‘ஏற்கெனவே இருந்த நோய்’ கணக்கில் வரும். ட்ரெய்னிங்கில் பட்ட அடி அந்த 36 மாதத்தைத் தாண்டியே இருக்கலாம். அதற்காக விட்டுவிடவும் கூடாது, ப்ரொபோசல் (விண்ணப்ப) படிவத்தில் ‘எப்போதாவது’ என்று கேட்டிருந்தால் எப்போது நடந்திருந்தாலும் எழுத வேண்டும்.

ஃப்ளோட்டர் வேண்டாம். அதில் பிரீமியம் குடும்பத்தில் மூத்தவரின் வயதை வைத்துப் போடுவது, 23 வயதுப் பையன் உங்கள் வயதுக்கு ஏன் கட்ட வேண்டும்? உங்கள் இரண்டு பேருக்கும் இசிஎச்எஸ் இருக்கிறது. அக்னிவீர்களுக்கு பென்ஷனும் இல்லை, எக்ஸ் சர்வீஸ்மேன் அந்தஸ்தும் இல்லை, இசிஎச்எஸ்ஸும் இல்லை. அவனை உங்கள் கார்டில் சேர்க்கலாமே என்று தோன்றினால், மகனுக்கு அது சம்பாதிக்க ஆரம்பிக்கும் வரை, அல்லது கல்யாணம் வரை, அல்லது 25 வயது வரை, இதில் எது முந்துகிறதோ அதுவரைதான். நம்பி உட்கார முடியாது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கும் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், உங்கள் பென்ஷனே அதைத் தாண்டிவிடும். 4 வருஷம் எல்லையில் நின்றுவிட்டு வரும் பிள்ளைக்கு இதில் எதுவுமே இல்லை என்பது எனக்கு இன்னும் ஜீரணிக்க முடியாத விஷயம்தான், அதனால்தான் அவன் பெயரில் தனியாக ஒரு பாலிசி வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எப்போது எடுப்பது? வெளியே வருவதற்கு ஒரு மாதத்துக்கும் கொஞ்சம் முன்னாலேயே. விபத்தைத் தவிர மற்ற எதற்கும் முதல் 30 நாள் க்ளெய்ம் கிடையாது, எம்.எச். இருக்கும்போதே அந்த 30 நாள் ஓடிவிடட்டும். ஹெர்னியா, சிறுநீரகக் கல் மாதிரி சிலவற்றுக்குத் தனியாக 2, 3 வருஷக் காத்திருப்பு உண்டு, அதையும் இந்த வயதிலேயே கழித்துவிடலாம்.

தொகையை விட ரூம் வாடகை வரம்பைப் பாருங்கள். 5 லட்சம் பாலிசியில் வாடகை 1 சதவீதம் என்று இருந்தால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய். 8,000 ரூபாய் ரூமில் படுத்தால் வாடகையில் 3,000 போவதோடு நிற்காது, டாக்டர் ஃபீஸ், தியேட்டர் செலவு எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள், 80,000 ரூபாய்க்கு 50,000தான் வரும். மருந்து, இம்ப்ளான்ட், டெஸ்ட் செலவில் அப்படி வெட்டக்கூடாது என்றாலும் மீதியே நம்மைச் சாய்த்துவிடும். ஆகவே வாடகை வரம்பும் கோ-பேவும் (பில்லில் நாமே போட வேண்டிய பங்கு) இல்லாத பாலிசியாகப் பாருங்கள். முடிந்தால் 10 லட்சம், இல்லையென்றால் 5 லட்சத்துக்கு எடுத்து மேலே ஒரு சூப்பர் டாப்-அப் (அந்த 5 லட்சத்தைத் தாண்டும் செலவுக்கான பாலிசி). செப்டம்பர் 2025-லிருந்து தனிநபர் மெடிக்கல் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்லை.

வேலை கிடைத்ததும் இதை நிறுத்திவிட வேண்டாம். சம்பளம் 21,000 வரை என்றால் இஎஸ்ஐ வரும், பெரிய கம்பெனி என்றால் குரூப் பாலிசி வரும், ஆனால் இரண்டுமே அந்த வேலையோடு கட்டியவை.

அக்னிவீர் முடித்து வரும்போது கிடைக்கும் சேவா நிதி கிட்டத்தட்ட 11.7 லட்சம் கையில் வரும் என்று அறிந்துதான் இப்போது ஆட்கள் வீடு தேடி வருகிறார்கள். முதலீடும் சேர்ந்தது, முதிர்வில் பணம் திரும்ப வரும் என்று எதைக் காட்டினாலும் தொடாதீர்கள், வருஷா வருஷம் கட்டும் சாதாரண மெடிக்கல் பாலிசி போதும்.

ஏஜென்ட் முழங்காலை எழுத மறுத்தால் கம்பெனி ஆபீசிலோ அவர்கள் தளத்திலோ நேரடியாக எடுங்கள். பாலிசி வந்ததும் அதோடு வரும் ப்ரொபோசல் நகலை நீங்களே ஒருமுறை படியுங்கள், அதில் முழங்கால் விஷயம் இல்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.