கம்ப்யூட்டர் கேள்வி பதில்: பையில சுகர் போட்டா ஏன் வர மாட்டேங்குது?

நாலாவது படிக்கிற என் பொண்ணுக்காக வீட்ல இருக்குற ராஸ்ப்பெர்ரி பை 3ங்கிற குட்டி கம்ப்யூட்டர்ல, குழந்தைங்களுக்கான சுகர் டெஸ்க்டாப் இன்ஸ்டால் பண்ணேன். எர்ரர் எதுவும் வரல, ஆனா ரீஸ்டார்ட் பண்ணா பழைய டெஸ்க்டாப் தான் வருது. என்னங்க பண்றது?
(வாசகி, நாமக்கல்)

இன்ஸ்டால் சரியா தான் ஆகியிருக்கும், கவலைப்படாதீங்க. சுக்ரோஸ்ங்கிற பேக்கேஜ போட்டிருப்பீங்க, அது சுகரை கொண்டு வந்து வைக்கும், அவ்ளோதான். பை ஆன் ஆனதும் பாஸ்வேர்ட் கூட கேக்காம ஆட்டோ லாகின் ஆகி பழைய டெஸ்க்டாப்புக்கே போயிடுது, சுகர் இருக்குன்னு அதுக்கு யாரும் சொல்லவே இல்ல.

இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. 2023ல வந்த புக்வோர்ம்ங்கிற வெர்ஷன்லேர்ந்து ராஸ்ப்பெர்ரி பை ஓஎஸ், ஸ்கிரீன்ல எல்லாத்தையும் காட்டுற புது முறையான வேலேண்ட் பக்கம் போயிடுச்சு, சுகர் இன்னும் பழைய முறையான எக்ஸ்11 ஆளு. அதனால முதல்ல ராஸ்பி-கான்ஃபிக்ங்கிற செட்டிங்ஸ் புரோகிராமை தொறந்து அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்ல வேலேண்டுக்கு போய் எக்ஸ்11னு மாத்துங்க. அதுக்கு அப்புறம் தான் லாகினை பாத்துக்குற லைட்டிஎம் (LightDM) புரோகிராமோட கான்ஃபிக் ஃபைல்ல யூசர்-செஷன், ஆட்டோலாகின்-செஷன் ரெண்டு வரியிலயும் sugarனு இங்கிலீஷ் சின்ன எழுத்துல போடணும். வரிசைய மாத்தி பண்ணிடாதீங்க, ராஸ்பி-கான்ஃபிக் அதே வரிகளை திருப்பி எழுதிடும், நீங்க போட்டது போயிடும்.

எனக்கு கேட்டா இதெல்லாம் தனியா ஒரு மெமரி கார்டுல பண்ணுங்கன்னு தான் சொல்வேன். ஏதாவது சொதப்புனா பழைய கார்டை திருப்பி சொருகுனா முடிஞ்சுது, வீட்ல இருக்கவங்ககிட்ட திட்டு வாங்க வேண்டாம்.

முதல் தடவை வரும்போது பேரும் கலரும் கேக்கும், அதை பாப்பாகிட்டயே விட்டுடுங்க. நடுவுல ஒரு மனுஷ உருவம், சுத்தி ஆக்டிவிட்டிங்க, அதாவது சுகரோட ஆப்புங்க. சேவ் பட்டன் எங்கன்னு நீங்க தான் தேடுவீங்க, அவ தேட மாட்டா, ஏன்னா செய்யறதெல்லாம் ஜர்னல்ல தானா போய் உக்காந்துக்கும், நேத்து வரைஞ்சத இன்னிக்கு அங்கேர்ந்தே தொறந்து மேல வரையலாம். சுகரோட உயிரே இந்த ஜர்னல் தாங்க, மத்ததெல்லாம் வேற எங்கயாவது கூட கிடைக்கும். எஃப்5 அழுத்துனா அது வரும், எஃப்3 ஹோம். டர்ட்டில் பிளாக்ஸ் உங்க சுகர்ல இல்லைன்னா, சுகரை செய்யற சுகர் லேப்ஸோட ஆக்டிவிட்டி பக்கத்துலேர்ந்து இறக்கிக்கோங்க, கட்டத்தை கட்டத்தோட சேத்தா ஆமை கோடு போட்டுகிட்டே போகும், நாலாவது புள்ளைக்கு சரியான வயசு. ஆஃப் பண்ணும்போது மட்டும் பிளக்கை புடுங்காம நடு உருவத்துல ரைட் கிளிக் பண்ணி ஷட்டவுன் குடுக்க பழக்குங்க, இல்லன்னா கார்டு கெட்டுடும்.

1 ஜிபி ராம் இதுக்கெல்லாம் போதுமா? குழந்தைங்களுக்கான பாட விளையாட்டு தொகுப்பு ஜிகாம்ப்ரிஸ் மட்டும் போட்டா ஆகாதா?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், தென்காசி)

சுகர் எதுக்காக எழுதப்பட்டதோ அந்த எக்ஸ்ஓ லேப்டாப்ல 256 எம்பி ராம், 433 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர் தாங்க ஐயா இருந்துச்சு. 2007 வாக்குல ஏழை நாட்டு புள்ளைங்களுக்குன்னு செஞ்சது, உருகுவேல பிளான் செய்பால்ங்கிற பேர்ல அரசாங்கமே பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா குடுத்தாங்க. அதோட பாத்தா பை 3 பெரிய மெஷின். வெப்சைட் பாக்குற பிரவுஸ் ஆக்டிவிட்டி மட்டும் திணறும், இன்னிக்கு இருக்குற வெப்சைட்டுங்க அப்படி.

ஜிகாம்ப்ரிஸ் தாராளமா போடலாம், சின்னப் புள்ளைங்களுக்கு அதான் சுலபம், இருக்குற டெஸ்க்டாப்லயே ஓடும், மேல சொன்ன எதையும் மாத்த வேண்டாம். ஆனா அதுல குடுத்த கணக்கை போடுறது, குடுத்த எழுத்தை கண்டுபிடிக்கிறதுன்னு தான் பெரும்பாலும் போகும். புள்ள தானா ஒண்ண செய்யணும்னா சுகர்.

ஒண்ணு மட்டும், ரெண்டுல எதைப் போட்டாலும் பழைய ஃபோன் சார்ஜர்ல பைய ஓட்டாதீங்க. 5 வோல்ட் 2.5 ஆம்ப் வேணும், ஸ்கிரீன் ஓரத்துல மின்னல் குறி வந்தா கரண்ட் பத்தலன்னு அர்த்தம், ஸ்லோவாகுறதுக்கு ராமை குத்தம் சொல்றதுக்கு முன்னாடி அதைப் பாருங்க.