தாலின் பழைய நகர்: கோபுரங்களும் சதுக்கமும் – கேள்வி பதில்

எஸ்தோனியத் தலைநகர் தாலினுக்கு ஹெல்சிங்கியிலிருந்து காலையில் கப்பலேறி வந்து மாலையில் திரும்புகிறோம். ஒரே ஒரு தேவாலயம்தான் பார்க்க முடியும் என்றால் எது, சார்?

நிகுலிஸ்தே, அதாவது புனித நிக்கோலஸ் ஆலயம். வழிபாட்டுக்காகப் போகிறவர்கள் ஏமாறுவார்கள்; 1984 முதல் அது அருங்காட்சியகம், இசை அரங்கு. 1524இல் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தக் கும்பல் நகரின் மற்ற தேவாலயங்களில் புகுந்து சிலைகளை உடைத்தபோது, இங்கே பூட்டுகளில் ஈயத்தை உருக்கி ஊற்றி அடைத்துவிட்டார்கள் என்பது ஊர்க்கதை. கும்பல் உள்ளே வரவில்லை என்பது மட்டும் உண்மை. 1944 மார்ச் 9 சோவியத் குண்டுவீச்சில் கட்டடம் எரிந்தது. நல்லவேளை, முக்கியமான கலைப்பொருள்களை முன்பே அப்புறப்படுத்தியிருந்தார்கள்.

அப்படித் தப்பியதில் ஒன்று 15ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய ஓவியர் பெர்ன்ட் நோட்கேயின் ‘மரண நடனம்’. முழு ஓவியம் சுமார் 30 மீட்டர் நீளம் இருந்திருக்கலாம் என்கிறார்கள். மிஞ்சியது ஏழரை மீட்டர். போப், பேரரசர், பேரரசி, கர்தினால், அரசர் எல்லோரையும் எலும்புக்கூடுகள் கைபிடித்து ஆட இழுக்கின்றன. போப்பின் முகத்தைப் பாருங்கள், துளிக்கூட விருப்பமில்லை. இதற்கு மட்டுமே அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

அங்கே ஒரு பிணத்தைக் காட்டிக் காசு வாங்கினார்களாமே, நிஜமா?

நிஜம். 1700இல் நார்வா போரில் ரஷ்யப் படைக்குத் தலைமை தாங்கி, ஸ்வீடனிடம் பிடிபட்ட டி குரோய் என்ற பிரபு. 1702இல் இங்கே இறந்தார். தலைக்கு மேல் கடன். பாக்கியைத் தீர்க்காமல் புதைக்க விடமாட்டோம் என்று கடன்காரர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். நிகுலிஸ்தேயில் கிடந்த உடல் அழுகாமல் காய்ந்துபோக, பிற்பாடு அதுவே வேடிக்கைப் பொருளாயிற்று. அடக்கம் நடந்தது 1897இல்தான். வட்டி எவ்வளவு ஏறியிருக்கும் என்று யாராவது கணக்குப் போடலாம்.

ஓலெவிஸ்தே தேவாலயம் ஒரு காலத்தில் உலகிலேயே உயரமான கட்டடமா அண்ணா?

159 மீட்டர் இருந்தது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். ஆய்வாளர்கள் பலர் நம்புவதில்லை, நானும் நம்பவில்லை. இப்போது சுமார் 124 மீட்டர். இடி விழுந்து 1625இலும் 1820இலும் எரிந்து, மறுபடி கட்டப்பட்டது. சோவியத் காலத்தில் இந்தக் கோபுர உச்சியை சோவியத் உளவுத்துறையான கேஜிபி வானொலிக் கருவிகளுக்குப் பயன்படுத்தியது; கீழே பாப்டிஸ்ட் சபையார் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். கோடையில் மேலே ஏறலாம். படிக்கட்டு குறுகல், மூட்டு வலி உள்ளவர்கள் வேண்டாம்.

எல்லாப் படங்களிலும் வெங்காயக் குவிமாடங்களோடு ஒரு தேவாலயம் வருகிறதே, அதை விட்டுவிட்டீர்களே?

அலெக்சாண்டர் நெவ்ஸ்கி பேராலயம். அழகுதான், ஆனால் 1900இல் முடிந்த கட்டடம். பழைய நகரில் அது சின்னப்பிள்ளை. ரஷ்யப் பேரரசு தன் அதிகாரத்தைக் காட்டவே தூம்பேயா குன்றின் கோட்டைக்கு நேரெதிரே கட்டியது. 1920களில் இடிக்கலாமா என்றுகூட எஸ்தோனியாவில் பேச்சு எழுந்தது. கோட்டையில் இன்று நாடாளுமன்றம் கூடுகிறது.

பக்கத்திலேயே மரியாள் பேராலயம் இருக்கிறது. சுவர் முழுக்கப் பிரபுக்களின் மரக் குலச்சின்னங்கள். வாசல் தரையில் தூவே என்ற உல்லாசப் பேர்வழியின் கல்லறைக்கல். வருவோர் போவோர் மிதித்தால் பாவம் கரையும் என்று அங்கே புதைக்கச் சொன்னாராம். பாவாடைகளை அண்ணாந்து பார்க்கத்தான் என்பது ஊர்வாய்.

நகரமன்றச் சதுக்கத்தில் தேவாலயமே இல்லையே, ஏன்?

அது சந்தை கூடும் இடம், வணிகர்களின் ராஜ்ஜியம். 1404இல் முடிந்த நகரமன்றம்தான் அங்கே பெரிய ஆள். உச்சியில் ‘கிழவன் தோமா’ காற்றுக்காட்டி, முதலில் வைத்தது 1530இல். எதிர்மூலை மருந்துக்கடை 1422ஆம் ஆண்டு ஆவணத்திலேயே வருகிறது, உள்ளே போகக் கட்டணமில்லை. அதை ஒட்டிய சந்தில் நுழைந்தால் பரிசுத்த ஆவி ஆலயம். வெளிச்சுவரில் 17ஆம் நூற்றாண்டுக் கடிகாரம், உள்ளே நோட்கேயின் 1483ஆம் ஆண்டுப் பலிபீடம். ஜெர்மானியர் ஆண்ட நகரில் எளிய மக்கள் எஸ்தோனிய மொழியில் பிரசங்கம் கேட்டது இங்கேதான்.

குழந்தையைத் தள்ளுவண்டியில் கூட்டிப் போகலாமா?

கூழாங்கல் தெருக்கள், சின்னச் சக்கரம் திணறும். தூக்குபையே நல்லது.