விண்வெளி நிலையத்தில் ஒரு புதிய பாக்டீரியா

கேள்வி: சர்வதேச விண்வெளி நிலையத்தில் கிடைத்த பாக்டீரியா புதிய இனம் என்பதை எவ்வாறு உறுதி செய்கிறார்கள்? அதற்குத் தமிழகப் பேராசிரியர் ஒருவரின் பெயரைச் சூட்டியது உண்மையா? (சிதம்பரம் வாசகி)

பதில்: உண்மைதான். நிலையத்திலிருந்து கிடைத்து வளர்க்கப்பட்ட நான்கு பாக்டீரியாக்களில் மூன்று, எந்த அறியப்பட்ட இனத்துடனும் பொருந்தவில்லை; இம்மூன்றும் 2015, 2016 ஆம் ஆண்டுகளில் நிலையத்தின் பரப்புகளைத் துடைத்து எடுத்த மாதிரிகளில் கிடைத்தவை. ஒரே ஒரு மரபணுவை மட்டும் ஒப்பிட்டால் நெருங்கிய உறவினங்களைப் பிரித்தறிவது கடினம், ஆகவே டி.என்.ஏ. முழுவதையும் படித்து, உறவினங்களுடன் எத்தனை விழுக்காடு ஒத்திருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். ஏறத்தாழ 95 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அது வேறு இனம். இங்கே மிக நெருங்கிய உறவாக அமைந்தது மெத்திலோபாக்டீரியம் இண்டிகம்.

அமெரிக்காவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகமும் ஐதராபாத் பல்கலைக்கழகமும் பங்கேற்ற இந்த ஆய்வு 2021 மார்ச்சில் வெளிவந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பல்லுயிர் அறிஞர் அஜ்மல் கானைச் சிறப்பிக்கும் வகையில், அந்த மூன்றும் சேர்ந்த புதிய இனத்துக்கு மெத்திலோபாக்டீரியம் அஜ்மாலி என்று பெயரிட்டார்கள். வகுப்பறையிலும் களத்திலும் உழைத்த ஓர் ஆசிரியருக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதையை என்னால் நினைக்க முடியவில்லை.

இக்குடும்பத்துப் பாக்டீரியாக்கள் பல, செடிகளின் வளர்ச்சிக்குத் துணைபுரிபவை. புதிய இனத்தின் மரபணுத்தொகுதியிலும் அத்தகைய மரபணுக்கள் தென்பட்டதால், விண்வெளியில் பயிர் வளர்க்க அது உதவக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதைச் சோதனைதான் உறுதிப்படுத்த வேண்டும்.