போர்டு மாற்றணுமா, பிராசஸர் மட்டும் போதுமா? பெங்களூரு கேமர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேட்பவர்கள் நான்கு விவரம் சொல்லுங்கள்: இப்போதைய பிராசஸர், போர்டின் (மதர்போர்டு) முழு மாடல் பெயர், ராம், கிராஃபிக்ஸ் கார்டு. இவை இல்லாமல் "எது பெஸ்ட்" என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது.

அல்சூர்: ரைசன் 5 2600, பி450 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4, ஆர்டிஎக்ஸ் 3060. புது கேம்கள் திக்கித் திக்கி ஓடுகின்றன. எஸ்.பி. ரோட்டு கம்ப்யூட்டர் கடைகளில் விசாரித்தால் போர்டு, பிராசஸர், ராம் மூன்றையும் மாற்றச் சொல்கிறார்கள்.

மூன்றும் வேண்டாம். முதலில் ஒரு சோதனை. கேமுக்குள் ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்குக் குறையுங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) நன்றாக ஏறினால் முட்டுக்கட்டை கார்டு. அப்படியே நின்றால் பிராசஸர். உங்கள் விஷயத்தில் பெரும்பாலும் பிராசஸராகத்தான் இருக்கும்.

உங்கள் பி450-ல் பிராசஸர் உட்காரும் இடம் ஏஎம்4 சாக்கெட். 2017-ல் முதல் ரைசன் வந்த அதே சாக்கெட்டில் 2020-ல் வந்த 5000 வரிசையும் உட்காரும். 5600 அல்லது 5700எக்ஸ் போட்டாலே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். 5700எக்ஸ்3டி நியாயமான விலையில், பில்லோடு கிடைத்தால் விடாதீர்கள். அதில் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரியான எல்3 கேஷ் மட்டும் 96 எம்பி. சராசரி எஃப்பிஎஸ்ஸைவிட, நடுவில் சட்டென்று விழும் அந்தத் திக்கல்தான் அதில் நன்றாகக் குறைகிறது.

மாற்றும் வரிசை முக்கியம். போர்டு கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கான பிராசஸர் பட்டியலைப் பார்த்து, எந்த பயாஸ் (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) வெர்ஷன் வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய 2600 போர்டில் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்யுங்கள். கழற்றிய பிறகு நினைவு வந்தால், அந்தப் போர்டில் பிராசஸர் இல்லாமலே பயாஸை அப்டேட் செய்யும் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால் ஒழிய, இன்னொரு பழைய பிராசஸரைத் தேடி அலைய வேண்டியிருக்கும். அப்டேட் ஓடும்போது கரண்ட் போகக் கூடாது, யுபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள். விண்டோஸில் டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்றும் பாருங்கள். பிராசஸர் மாறினால் அதற்குள்ளிருக்கும் டிபிஎம் (அந்தப் பூட்டின் சாவியைக் காக்கும் பகுதி) மாறிவிடும், மீட்புச் சாவி கேட்கும். முன்கூட்டியே எழுதி வையுங்கள், அல்லது அணைத்துவிடுங்கள்.

கடைசியாக, கூலரைக் கழற்றுவது. பத்து நிமிஷம் கேம் ஓடவிட்டு, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பேஸ்ட் இளகியிருக்கும்போதே கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருப்பி எடுங்கள். நேராக மேலே இழுத்தால் பிராசஸரும் கூடவே பிய்த்துக்கொண்டு வரும். ஏஎம்4-ல் பின்கள் பிராசஸரில்தான் இருக்கின்றன. வளைந்தால் நஷ்டம் உங்களுக்கு.

ஒயிட்ஃபீல்ட்: ஐ7-7700, பி250 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். ஒன்பதாம் தலைமுறை ஐ7 பழையது கிடைக்கிறது. சாக்கெட் இரண்டும் 1151தானே?

எண் ஒன்றுதான், ஆனால் ஓடாது. 8, 9-ஆம் தலைமுறைகளுக்கு 300 வரிசை போர்டு வேண்டும். அதோடு 7700 விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. ஆக, உங்களுக்குப் போர்டு மாற்றம் நியாயமான செலவு.

ஆனால் ராமை வைத்துக்கொள்ளுங்கள். 2025 கடைசியில் ராம் விலை கண்டபடி ஏறிய பிறகு, கையில் இருக்கும் நல்ல டிடிஆர்4 ஜோடி காசுக்குச் சமம். ஐ5-12400எஃப், கூடவே பி660 அல்லது பி760 போர்டு. போர்டு வாங்கும்போது பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஒரே மாடலில் டிடிஆர்4 ஒன்று, டிடிஆர்5 ஒன்று என இரண்டு வருகின்றன. ஒன்றுக்கான ராம் மற்றதில் செருகாது.

கடையை விட்டு வெளியே வருமுன் சாக்கெட் மூடியைத் திறந்து பின்களைப் பாருங்கள், போட்டோ எடுங்கள். இந்தப் போர்டுகளில் பின் சாக்கெட்டில் இருக்கிறது. வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடைக்காது.

பானஸ்வாடி: அண்ணா, ஐ5 நல்லதா, ரைசன் 5 நல்லதா?

கார்டு என்ன, கேம் என்ன என்று சொல்லுங்கள், பேசலாம்.

எலெக்ட்ரானிக் சிட்டி: ஐ7-14700கே. சில கேம்களில் 'வீடியோ மெமரி போதவில்லை' என்று சொல்லி மூடிக்கொள்கிறது. கார்டில் 16 ஜிபி இருக்கிறது. போர்டை மாற்றவா?

காசு செலவு செய்யாதீர்கள். 13, 14-ஆம் தலைமுறையில் அளவுக்கு மீறிய வோல்டேஜால் பிராசஸர் நாளடைவில் தளர்ந்துபோகும் பிரச்சினையை இன்டெல்லே 2024-ல் ஒப்புக்கொண்டது. நீங்கள் சொல்வது அதன் பழக்கமான அறிகுறி. பயாஸை அப்டேட் செய்யுங்கள். ஆனால் அந்தத் திருத்தம் இனிமேல் கெடாமல் காக்குமே தவிர, கெட்டதைச் சரிசெய்யாது. அப்டேட்டுக்குப் பிறகும் மூடினால் வாரண்டியில் கொடுங்கள். இந்தப் பிராசஸர்களுக்கு வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டியிருக்கிறார்கள். ஜிஎஸ்டி பில் பத்திரமா? அதனால்தான் எல்லோரிடமும் பில், பில் என்று சொல்கிறேன்.

மாரத்தஹள்ளி: அல்சூர்காரருக்கு நீங்கள் சொன்னது தப்பு. ஏஎம்4 செத்துப்போன சாக்கெட். அதில் ஏன் காசைக் கொட்ட வேண்டும்? ஏஎம்5 எடுத்தால் நாளைக்கும் உதவும்.

அவர் இடத்தில் நின்று கணக்குப் போடுங்கள். ஏஎம்5-க்குப் போனால் புதுப் போர்டு, புதுப் பிராசஸர், டிடிஆர்5 ராம். ஏஎம்5-ல் டிடிஆர்4 போட வழியே இல்லை. நான் சொன்னது ஒரே ஒரு பொருள். மிச்சக் காசில் கார்டை மாற்றலாம், 3060 வைத்திருப்பவருக்கு அதுதான் அடுத்த தேவை.

மாரத்தஹள்ளி: நானே பி350-ல் ரைசன் 1600 வாங்கி, பிறகு அதே போர்டில் 5600 போட்டேன். சாக்கெட் ஆயுள் எவ்வளவு முக்கியம் என்று அனுபவத்தில் சொல்கிறேன்.

சரி, அதையே பாருங்கள். உங்களுக்கு லாபம் கிடைத்தது எப்போது? பழைய போர்டிலேயே கடைசித் தலைமுறையைப் போட்டபோது. அல்சூர்காரர் இப்போது செய்யப்போவது அதேதான். நீங்கள் எடுத்துக்கொண்ட லாபத்தை அவரை மட்டும் ஏன் விடச் சொல்கிறீர்கள்?

எச்எஸ்ஆர் லேஅவுட்: மாரத்தஹள்ளி நண்பர் பக்கம் நான். ஒன்றுமே இல்லாமல் புதிதாகக் கட்டுபவருக்கு?

அங்கே எனக்கு மறுப்பே இல்லை, ஏஎம்5தான். 2022-ல் வந்தது, 2027 தாண்டியும் ஆதரவு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்டெல்லின் 1700 சாக்கெட் 14-ஆம் தலைமுறையோடு நின்று, 2024 அக்டோபரில் 1851 வந்துவிட்டது. 240 ஹெர்ட்ஸ் மானிட்டரில் போட்டி கேம் ஆடுபவர் என்றால் 7800எக்ஸ்3டி அல்லது 9800எக்ஸ்3டி, கண்ணை மூடிக்கொண்டு. என் சண்டை ஒன்றே ஒன்றுதான்: 'நாளைக்கு உதவும்' என்பதற்காக இன்று நன்றாக ஓடும் போர்டையும் ராமையும் தூக்கி எறியச் சொல்லாதீர்கள். அந்த நாளைக்கான பணம் மாதச் சம்பளத்திலிருந்து வருகிறது.

ராமமூர்த்தி நகர்: ஐ5-ஆ, ரைசன் 5-ஆ?

பானஸ்வாடிக்குச் சொன்னதுதான்.

சிவாஜிநகர்: கல்லூரி மாணவன். ஆன்லைனில் பழைய ஜியான் பிராசஸர், எக்ஸ்99 போர்டு, ராம் மூன்றும் சேர்த்து மலிவாகக் கிடைக்கிறது. 12 கோர்!

வேண்டாம், தம்பி. சர்வரில் உழைத்துக் களைத்த பிராசஸர், பெயர் தெரியாத போர்டு, பயாஸ் அப்டேட் கிடையாது, வாரண்டி கிடையாது. கோர் நிறைய இருந்தும் ஒவ்வொன்றும் மெதுவானது. கேமுக்கு வேகமான ஆறு கோர் போதும். அதே பணத்துக்கு பில்லோடு பழைய பி450, ரைசன் 5 3600 தேடுங்கள். சாக்கெட்டையும் பிராசஸர் பின்களையும் பார்த்து வாங்குங்கள்.

கே.ஆர். புரம்: கேமிங் லேப்டாப்பில் பிராசஸர் மாற்ற முடியுமா?

இப்போதைய லேப்டாப்பில் சால்டர் செய்து ஒட்டியிருப்பார்கள். முடியாது.

ஜெயநகர்: ரைசன் 5 7500எஃப், பி650 போர்டு, டிடிஆர்5, ஆர்எக்ஸ் 7600. இன்றுதான் மாட்டினேன். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமே இல்லை. போர்டு பழுதா?

பதற வேண்டாம். டிடிஆர்5 போர்டுகள் முதல்முறை ஆன் செய்யும்போது ராமைப் பழகிக்கொள்ள சில நிமிஷம் எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். நடுவில் அணைக்காதீர்கள், கால் மணி நேரம் விடுங்கள். அப்படியும் வரவில்லையென்றால், மானிட்டர் கேபிள் போர்டில் இருக்கிறதா, கார்டில் இருக்கிறதா பாருங்கள். உங்கள் பிராசஸரில் கிராஃபிக்ஸ் கிடையாது, கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும். பிராசஸருக்கு அருகே மேல் மூலையில் 8 பின் பவர் கனெக்டர் செருகியிருக்கிறதா? ராம் இரண்டு குச்சி, நான்கு ஸ்லாட் என்றால் பிராசஸரிலிருந்து எண்ணி 2, 4. பிறகு ஒரே ராமை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் வைத்துப் பாருங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸும் (பவர் சப்ளை) புதிதாக வாங்கினீர்களா? அப்படியானால் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள் ஒன்றுகூட இதில் இருக்கக் கூடாது. முனை பொருந்தினாலும் உள்ளே வயர் வரிசை வேறு, போர்டும் ஹார்ட் டிஸ்கும் புகைந்துவிடும். மறுபடி ஆன் செய்யுமுன் இதை முதலில் சரிபார்த்துவிட்டு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.