12 போருக்கு எத்தன கிராம் தோட்டா? மொதல்ல குழாய கழட்டி அடியில பாருங்க தம்பி

மலேசியாவுல கோலகங்சார் பக்கம் தோட்டத்துலேருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. அப்பாவோட ரெட்டக்குழல் 12 போர் துப்பாக்கி (போர்ங்கிறது குழாயோட உள்ளளவு). அப்பா தவறினதும் ஒழுங்கா ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டு, விண்ணப்பம் போட்டு, அலையா அலைஞ்சு இப்பதான் தன் பேருக்கு லைசன்ஸ் வாங்கியிருக்காரு. பெர்ஹிலித்தான், அதாவது வனவிலங்கு இலாகா, லைசன்ஸும் கையில இருக்கு. மறுநடவு பண்ண செம்பனக் கன்ன காட்டுப்பன்னி தோண்டித் தோண்டி குருத்த தின்னுட்டுப் போவுதாம். "யூடியூப்ல 150 கிரெய்ன், 180 கிரெய்ன்னு பேசுறாங்க, கடை மொதலாளி தவுக்கே 36 கிராம்தான் நல்லா அடிக்கும்ங்கிறாரு, கூட்டாளி ஒத்த குண்டு போடுங்கிறான், நான் எத வாங்குறது அங்கிள்?" இதான் கேள்வி.

நேரா சொல்லிடறேன். குழாய்ல தோட்டா உக்கார்ற அறை 70 மில்லிமீட்டரா இருந்தா 32 கிராம், 9 குண்டு எஸ்ஜி, அதாவது பெரிய குண்டு போட்ட தோட்டா. 25 மீட்டருக்குள்ள சுடுங்க. "இருந்தா"ன்னு சொன்னேன் பாருங்க, அதுக்கு அப்புறம் வர்றேன்.

அந்த கிரெய்ன் (குண்டோட எடைய சொல்ற சின்ன அளவு) கணக்க மறந்துடுங்க, அது ரைபிள்காரனோட தலவலி. ரைபிள்ல போறது ஒரே குண்டு, அதனால 308 ரைபிளுக்கு 150 கிரெய்ன் போட்டா வேகம் கூட, 180 போட்டா வேகம் கொஞ்சம் கொறையும் ஆனா ஆழமா எறங்கும், எந்த மிருகத்துக்கு எதுன்னு அவன் யோசிக்கணும். அந்த 180 கிரெய்ன் நம்ம கணக்குல 11.7 கிராம். நம்ம தோட்டா டப்பாவுல போட்டிருக்கிற 32 கிராம் வேற, அது உள்ள இருக்கிற எல்லா குண்டையும் கூட்டுன எட. 32 கிராம் பிபியும் (அது பொடிக் குண்டு) 32 கிராம், 32 கிராம் எஸ்ஜியும் 32 கிராம், ஆனா பிபி ஒன்னு அரை கிராம் கூட தேறாது, எஸ்ஜி ஒன்னு மூன்றரை கிராம், 8.4 மில்லி கனம். வயசான ஆண் பன்னிக்கு தோள்ல கெட்டியா தடிச்ச தோல் இருக்கு, கேடயம் மாதிரி. பிபி அதுல ஒட்டிக்கிட்டு நின்னுடும், பன்னி ஓடிப் போயி எங்கயோ புதர்ல நாலு நாள் கெடந்து சாவும். பாவம்லா அது.

அப்ப 36 கிராம்? தவுக்கே சொன்னது பாதி வியாபாரம். எஸ்ஜியில ஒவ்வொரு குண்டும் அதே மூன்றரை கிராம்தான், 36னா ஒரு குண்டு கூட போவும், தோள்ல ஒதை கூட விழும், ஆனா அதுக்காக குண்டு பன்னிக்குள்ள முன்னைவிட ஆழமா எறங்காது. எட கூடுனா பலம் கூடும்னு நெனைக்கிறது நம்மாளுங்களுக்கு ஊறிப்போன நெனப்பு.

இப்ப அந்த "இருந்தா". நான் ஈப்போவுல ஒரு துப்பாக்கி கடையில பின்ரூம்ல 26 வருஷம் ரிப்பேர் பண்ணவன், அதிகமா அழுதது இந்த ஒரு விஷயத்துக்குத்தான். அப்பா காலத்து இங்கிலீஷ் ரெட்டக்குழல் நெறைய இரண்டரை இஞ்சி அறை, 65 மில்லிங்கிறாங்க. இன்னைக்கு கடையில சாதாரணமா கெடைக்கிறது 70 மில்லி. கொடும என்னன்னா 70 மில்லி தோட்டா அந்த சின்ன அறைக்குள்ள சுகமா போயி உக்காரும், துப்பாக்கியும் மூடும், ஏன்னா டப்பாவுல போட்டிருக்கிற நீளம் சுட்டப்புறம் வாய் விரிஞ்ச நீளம், மடிச்சிருக்கிறப்ப அது கட்டை. சுட்டதும் வாய் விரிய எடமில்லாம குழாய் குறுகுற எடத்துல போயி விரியும், குண்டு நெருக்கிப் பிதுங்கிப் போவும், அழுத்தம் ஏறும். மொத நாளே வெடிக்கும்னு இல்ல, அதான் ஏமாத்து. நாலு வருஷம் சுடுவான், ஒரு நாள் என்கிட்ட கொண்டாருவான், வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா குழாய்க்கும் அது வந்து மூடுற பூட்டுக்கும் நடுவுல வெள்ளக்கோடு தெரியும், மரக்கட்ட கழுத்துல வெடிப்பு. "நல்லாத்தானே சுட்டுச்சு"ம்பான்.

அதனால குழாய கழட்டி, பூட்டுல படியிற அந்த தட்ட எடத்துல இருக்கிற முத்திரைய பாருங்க. 1954க்கு அப்புறம் பர்மிங்காம்ல சோதிச்சதுன்னா இரண்டரை இஞ்சின்னும் 3 டன்னும் (தாங்குற அழுத்தம்) அடிச்சிருப்பான், இரண்டே முக்கால்னா 70 மில்லி, பிரச்சின இல்ல. பெல்ஜியம், ஸ்பெயின் சாமான்ல நேரா 12-65, 12-70ன்னு இருக்கும். அழிஞ்சு போயி படிக்க முடியலன்னா அளந்து பாக்காம சுடாதீங்க, யாரோ ஒரு மண்டோர் (தோட்டத்து மேஸ்திரி) "உங்கப்பா இதத்தான் போட்டாரு"ன்னு சொன்னா அது அளவு இல்ல. 65ன்னா 65 தோட்டா சொல்லி வச்சு வாங்குங்க, இல்லன்னா அது பீரோவுலயே இருக்கட்டும். அறைய தோண்டி 70 ஆக்கித் தர்றேன்னு வர்றவன வாசல்லயே அனுப்பிடுங்க.

ஒத்த குண்டு, அதாவது ஸ்லக், 28 கிராம் ஈயம் ஒரே கட்டி. பன்னி விழும், சந்தேகமே இல்ல. ஆனா செம்பனத் தோட்டம் சமதரை, பின்னாடி லயன் வீடு, பக்கத்து நிரையில குலை வெட்டுறவங்க. எஸ்ஜியே 600 மீட்டருக்கு மேல போவும், ஸ்லக்க பத்தி சொல்லணுமா? பின்னாடி மண்மேடு இருந்தா மட்டும், அதுவும் வாய் இறுகாத, அதாவது முனை குறுகாத குழாயில. உங்க ரெட்டக்குழல்ல இடது குழாய் பெரும்பாலும் இறுக்கமாத்தான் இருக்கும்.

25 மீட்டர்னு ஏன் சொன்னேன்னா, இறுகாத குழாயில குண்டு ஒரு கெஜத்துக்கு ஒரு இஞ்சி விரியும்னு தோராயக் கணக்கு. பன்னி நெஞ்சு தோசக்கல்லு அளவு. சுட அனுமதி உள்ள எடத்துல சிமெண்டு பேப்பர ஒட்டி ரெண்டு குழாயையும் தனித்தனியா சுட்டுப் பாருங்க, தோசக்கல்லுக்குள்ள நாலு அஞ்சு குண்டு விழுற தூரம் எதுவோ அதான் உங்க தூரம். தோட்டா கணக்குப் பாத்து குடுக்கிறதால இதுக்கு ரெண்டு செலவு பண்ண மனசு வராது எல்லாருக்கும். மறுபடி தோட்டா வாங்க ஒரு பெர்மிட், அந்தப் பெர்மிட்டுக்கு ஒரு ஆபீசர், அவரு இன்னைக்கு மீட்டிங். நான் இருக்கிறது சுங்கை சிப்புட், 1948 ஜூன் 16 மூனு வெள்ளக்கார துரைங்கள சுட்ட ஊரு, அப்புறம் வந்த அவசரகாலத்துல லைசன்ஸ் இல்லாம துப்பாக்கியோட மாட்டுனா தூக்கு. அந்தப் பயம் இன்னும் எல்லா கவுண்டர்லயும் உக்காந்திருக்கு. முறையா இருக்கிறவன்தான் வரிசையில நிக்கிறான், வீட்ல செஞ்ச பாக்காகோக் துப்பாக்கி வச்சிருக்கிறவன் எந்த வரிசையில நிக்கிறான்?

அந்த வரிசைக்கு வெளியதான் ஏஜென்ட் நிப்பான். "உள்ள ஆள் இருக்கு, 500 வெள்ளி குடு, தோட்டா கணக்க கூட்டித் தர்றேன்"ம்பான், இல்லன்னா வேற எவன் கணக்குலயோ எடுத்தத பாதி வெலைக்கு நீட்டுவான். கைய வைக்காதீங்க. துப்பாக்கிக்கு லைசன்ஸ் இல்லன்னா 1971 சட்டத்துல 14 வருஷம் வரைக்கும் ஜெயில், ரோத்தான், அதாவது பிரம்படி, ஆறுக்கு கொறையாது. வெறும் தோட்டாவுக்கே 1960 ஆயுதச் சட்டத்துல 7 வருஷம் வரைக்கும், இல்ல 10,000 வெள்ளி வரைக்கும், இல்ல ரெண்டும். மாட்டுனா ஏஜென்ட் போன் அடைச்சிருக்கும். பக்கத்து தோட்டத்துக்காரன் எண்ணெ காசு தர்றேன் வாங்கன்னாலும் லைசன்ஸ்ல எழுதியிருக்கிற எடத்த பாருங்க.

கடைசியா, அப்பா பிஸ்கட் டின்ல வச்சிருந்த காகிதத் தோட்டா 11 இருக்கு, சுடலாமான்னு கேட்டிருந்தீங்க. நம்மூர் ஈரத்துக்கு காகிதம் ஊதியிருக்கும், போனா குழாயில திரும்பி வராது, மருந்து நமுத்திருந்தா குண்டு பாதிக் குழாயில நின்னுடும், அடுத்தத போட்டு சுட்டா குழாய் பொளந்துடும். அதோட அது அப்பா லைசன்ஸ்ல வாங்குனது, உங்களுது இல்ல. டின்னோட ஸ்டேஷனுக்கு எடுத்துட்டுப் போங்க, துப்பாக்கியோட சேத்து ஏன் அன்னைக்கே குடுக்கலன்னு ஒரு அதட்டு வாங்குவீங்க, வாங்கிக்கிட்டு ஒப்படைச்சதுக்கு எழுத்துல ஒரு சீட்டு கேட்டு வாங்கிடுங்க.