டி.டி.எஸ். மீட்டர் காட்டாத நஞ்சு

கேள்வி: ஐயா, ஆற்றில் எங்கள் வயலுக்கு மேலே ஒரு தாமிரச் சுரங்கம் இருக்கிறது. இந்தக் கோடையில் ஆற்றுக் கற்களில் செம்மஞ்சள் படிவு. மிளகாய்க்குப் போட்ட சொட்டுநீர்க் குழாயும் அடிக்கடி அடைக்கிறது. ஆனால் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஃபில்டர் விற்பவர் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த மொத்த உப்பு) லிட்டருக்கு 340 மில்லிகிராம்தான், குடிக்கலாம், பாய்ச்சலாம் என்கிறார். அடைப்பு நீங்க ஆசிட் விடலாமா?

பதில்: விடலாம், அடைப்பு கரையும், மறுபடி அடைக்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தால் சொட்டுநீருக்கு அந்தத் தண்ணீர் நேரடியாக ஆகாது. தொட்டியில் தூவிவிட்டுக் காற்றுப் படச் செய்து, இரவு முழுக்கத் தெளியவிட்டு, மணல் வடிகட்டி வழியாக எடுங்கள். பி.எச். (அமிலத்தன்மை அளவு, குறையக் குறைய அமிலம் கூடும்) 6-க்குக் கீழே என்றால் காற்று மட்டும் போதாது, சுண்ணாம்பும் வேண்டும். தொட்டியடிச் சேற்றை வயலில் கொட்டாதீர்கள். இரும்பும் அதோடு படிந்த உலோகங்களும் அதில்தான் இருக்கும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, அந்த இரும்போடு கூட என்ன வருகிறது என்பதை. சுரங்கக் கழிவுப் பாறையிலுள்ள கந்தக இரும்புத் தாது காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலம் ஆகிறது. அது ஆர்சனிக், காட்மியம், தாமிரம் எல்லாவற்றையும் கரைத்து இழுத்து வரும். பாறையிலிருந்து கரையும் அலுமினியம் படிகாரம் போல வேலை செய்து கலங்கலை அடியில் உட்கார வைத்துவிடும். அந்தத் தெளிவைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

டி.டி.எஸ். மீட்டர் அளப்பது மின்கடத்தலை மட்டுமே. குடிநீரில் ஆர்சனிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அந்த மீட்டரின் கடைசி இலக்கமே 1 மில்லிகிராம்! அந்த 340-க்குள் வரம்பைப் போல ஐந்து மடங்கு ஆர்சனிக் ஒளிந்திருந்தாலும் முள் அசையாது. ஃபில்டர் விற்பவரிடம் தண்ணீர் சோதிப்பது, உர வியாபாரியிடம் மண் சோதிப்பது மாதிரி.

ஆய்வகத்துக்கு இரண்டு பிளாஸ்டிக் பாட்டில் அனுப்புங்கள். ஒன்றைக் காற்றுக்குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்புங்கள், பி.எச்., ஈ.சி. (மின்கடத்தல்), சல்பேட், சோடியத்துக்கு அது. இன்னொன்று உலோகத்துக்கு: 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து, பி.எச். 2-க்குக் கீழே போகும்படி நைட்ரிக் அமிலம் சேர்த்தது. பாட்டிலையும் அமிலத்தையும் ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள். அமிலம் சேர்க்காவிட்டால் உலோகம் இரும்புப் படிவோடு பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அறிக்கை "பாதுகாப்பானது" என்று பொய் சொல்லும். இதில்தான் பெரும்பாலும் காசு வீணாகிறது. சுரங்கத்துக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம், உங்கள் மோட்டார் உறிஞ்சும் இடம் என மூன்றிலும் எடுங்கள். மேலே எடுத்தது இல்லாமல் சுரங்கத்தின் மீது குற்றம் சொல்ல முடியாது. கோடைக் கடைசியில் ஒருமுறை, முதல் மழை வெள்ளத்தில் ஒருமுறை. வறண்ட காலத்தில் பாறையில் பூத்த உப்பு மொத்தமாகக் கரைந்து வருவது அந்த முதல் வெள்ளத்தில்தான்.

முடிவு வரும்வரை குடிக்க வேண்டாம். காய்ச்சினால் உலோகம் போகாது. நீர் வற்றி இன்னும் செறிவாகும். செம்மறி ஆடுகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், மாடு தாங்கும் தாமிரத்தை அவை தாங்காது.

பாசனத்துக்கு ஆர்சனிக் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வரை என்பது வழக்கமான வரம்பு. ஆனால் ஒரு ஹெக்டேருக்கு ஆண்டில் 10,000 கன மீட்டர் பாய்ச்சினால் அந்த அளவிலேயே ஒரு கிலோ ஆர்சனிக் மண்ணில் சேரும். நெல் போட்டால் இன்னும் சிக்கல்: தண்ணீர் கட்டினால் நெல்மணியில் ஆர்சனிக் ஏறும், காயவிட்டால் காட்மியம் ஏறும். கீரை வேண்டவே வேண்டாம். மிளகாயைத் தொடருங்கள், மண்ணின் பி.எச்.-ஐச் சுண்ணாம்பால் 6.5-க்குக் குறையாமல் வைத்தால் காட்மியம் அடங்கும், ஆர்சனிக் அடங்காது. அதனால் சுண்ணாம்பு மூட்டை வாங்கும் முன் அறிக்கையைப் பாருங்கள்.