அமிர்தசரஸுக்கு அரை நாள் போதுமா?

"வாகா எல்லைக்குப் போகிற வழியில் அமிர்தசரஸில் அரை நாள் ஒதுக்கினால் போதுமா, பொற்கோயிலை விட்டால் வரலாறு என்று அங்கே என்ன இருக்கிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. டெல்லியிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, குளக்கரையில் போட்டோ எடுத்து, குல்ச்சா சாப்பிட்டு, மத்தியானமே வாகாவுக்கு வண்டி ஏறுவதாகத் திட்டம் போட்டிருப்பீர்கள். நம் பக்கத்திலிருந்து போகிற முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

நான் ஈரோட்டு ஜவுளிக்காரன். சால்வை கொள்முதலுக்காகப் பல வருடமாக அங்கே போய் வருகிறேன். வரலாற்றுப் பேராசிரியர் இல்லை, ஆனால் கீழே இருப்பதெல்லாம் அந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம், அதனால் ஆதாரம் எங்கே என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

பொற்கோயில் என்றதும் எல்லாரும் தங்கத்தைப் பார்க்கிறார்கள். தங்கம் கடைசியில் வந்தது, முதலில் வந்தது குளம். சீக்கியர்களின் நான்காவது குருவான ராம்தாஸ் 1577 வாக்கில் வெட்டியது. சுற்றிலும் கடைவீதி போட்டு வியாபாரிகளையும் கைத்தொழில்காரர்களையும் குடியேற்றினார், குரு பஜார் இன்றைக்கும் நடக்கிறது. குளத்தின் பெயரே ஊருக்கும் ஆகிவிட்டது. நடுவில் ஹர்மந்திர் சாகிப், அதாவது நாம் பொற்கோயில் என்கிற கோயில், கட்டியது அவர் மகன் குரு அர்ஜன். நாலு பக்கமும் வாசல் வைத்து, மேட்டில் கட்டாமல், படி இறங்கிப் போகும்படி கட்டினார். 1604-இல் சீக்கியர்களின் புனித நூலான ஆதி கிரந்தத்தை அங்கே கொண்டுவந்து வைத்தார். அதைத் தொகுத்த இடமான ராம்சர் நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது, நம் ஆட்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அந்தக் கிரந்தத்தில் குருமார்களின் பாடல்களோடு நெசவாளர் கபீர், தையல்காரர் நாமதேவர், செருப்புத் தைத்த ரவிதாஸ், சூஃபி ஃபரீத் எல்லாருடைய பாடல்களும் இருக்கின்றன. துணியால் பிழைக்கிறவனுக்கு இதைவிடப் பெருமை என்ன வேண்டும்? 1762-இல் ஆப்கானிய மன்னர் அகமது ஷா அப்தாலி கோயிலை வெடிவைத்துத் தகர்த்துக் குளத்தையும் தூர்த்தார். சீக்கியர்கள் மறுபடி எழுப்பினார்கள். பஞ்சாபை ஆண்ட மகாராஜா ரஞ்சித் சிங் தங்கம் பதித்தது அதற்கெல்லாம் பிறகு, 19-ஆம் நூற்றாண்டில்.

கட்ரா ஜைமல் சிங் ஜவுளிச் சந்தையில் எனக்குச் சரக்குக் கொடுக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், பாவுஜி என்றுதான் கூப்பிடுவேன். ஒரு குளிர்காலத்து விடியலில் அவர்தான் என்னை எழுப்பிக் கூட்டிப்போனார். ராத்திரி அகால் தக்துக்கு, அதாவது எதிரே இருக்கும் சீக்கியத் தலைமைப் பீடத்துக்கு, கொண்டுபோன குரு கிரந்த சாகிபை (அந்தப் புனித நூலைத்தான் இப்படிச் சொல்கிறார்கள்) விடிவதற்கு முன் பல்லக்கில் ஹர்மந்திருக்குத் திரும்பக் கொண்டுவருவார்கள். வெறுங்காலில் சலவைக்கல் சுரீர் என்கிறது, நகாரா முரசு அடிக்கிறார்கள், நரசிங்கா கொம்பு ஊதுகிறார்கள். தோள் கொடுக்க இரண்டு பக்கமும் ஆட்கள் நெருக்குகிறார்கள், ஒருவர் நாலு அடி நடந்ததும் அடுத்தவருக்கு விட்டுவிட்டு விலகுகிறார். பாவுஜி முதுகில் கைவைத்துத் தள்ள, பல்லக்குத் தண்டு என் தோளிலும் ஏறி இறங்கியது. எந்த ஊர், என்ன ஜாதி என்று யாரும் கேட்கவில்லை. அப்புறம் லங்கரில், எல்லாருக்கும் இலவசமாகச் சோறு போடும் பொதுப் பந்தியில், உட்கார்ந்தோம். அங்கே ரொட்டியைப் பிரசாதா என்பார்கள், தட்டில் போட மாட்டார்கள், இரண்டு கையையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும்.

அன்றைக்குத்தான் பாவுஜி ரபாபிகளைப் பற்றிச் சொன்னார். குரு நானக்கோடு கூடவே நடந்த மர்தானாவின் வழிவந்தவர்களாகச் சொல்லப்படும் முஸ்லிம் இசைக்காரர்கள், தலைமுறை தலைமுறையாக ஹர்மந்திருக்குள் கீர்த்தனை பாடியவர்கள். பாவுஜியின் அப்பா அவர்கள் பாடிக் கேட்டிருக்கிறாராம். 1947-இல் லாகூருக்குப் போய்விட்டார்கள், அதோடு அந்த மரபு அறுந்தது. லாகூர் அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர்தான். எனவே வாகாவில் கொடியிறக்கும் அணிவகுப்பைப் பார்த்துக் கைதட்டக் கிளம்பும் முன் டவுன்ஹாலில் இருக்கும் பிரிவினை அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். ஜாலியன்வாலா பாக் நான் சொல்லாமலே போவீர்கள். 1919 ஏப்ரல் 13, அரசாங்கக் கணக்கிலேயே 379 உயிர். 2021 புதுப்பிப்பில் அந்தக் குறுகலான நுழைவழியின் சுவரெல்லாம் சிற்பம் பதித்துவிட்டார்கள். சுடச் சொன்ன ஆங்கிலேய அதிகாரி டயரின் சிப்பாய்கள் வந்த வழி அது, வெறும் செங்கலாகவே விட்டிருக்கலாம்.

1984-ஐ ஏன் எழுதவில்லை என்று இரண்டு பக்கத்திலிருந்தும் திட்டு வரும். ராணுவம் பொற்கோயிலுக்குள் போனதும், அகால் தக்த் சிதைந்ததும், சீக்கிய நூலகம் அழிந்ததும் எல்லாருக்கும் தெரியும். பாவுஜி அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார், நானும் கிளறியதில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் வியாபாரிகள் வாட்ஸ்அப் குரூப்பில் வாரம் தவறாமல் சீக்கியர்களைக் கிண்டல் செய்யும் சர்தார்ஜி ஜோக் வருகிறது. 1924-இல் வைக்கத்தில், தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் நடந்தபோது, பஞ்சாபிலிருந்து அகாலி இயக்கத்துச் சீக்கியர்கள் அவ்வளவு தூரம் வந்து லங்கர் போட்டார்கள். வெளியாட்கள் வேண்டாம் என்று காந்தி சொன்னதால் அது நின்றது. அதே போராட்டத்தில் சிறைக்குப் போன பெரியாரின் ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்த ஜோக்கை அனுப்புகிறார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சரி, உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். குறைந்தது இரண்டு ராத்திரி தங்குங்கள். கோயிலை ஒட்டியே சராய் என்கிற யாத்ரீகர் விடுதி இருக்கிறது, இடம் கிடைத்தால் அங்கேயே தங்கலாம். குளிர்காலம் என்றால் கம்பளி அவசியம். பல்லக்கு நேரம் பருவத்துக்குத் தக்கபடி மாறும், முந்தின நாளே அங்கே தொண்டு செய்யும் சேவாதாரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.